பவளக்காரத் தெருவும் ஊரைவிட்டுப் போன வரதரும்

1688-இல் காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் ஊரில் இல்லை. ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவை 1687-இல் பிடித்தது. கோல்கொண்டாவின் கீழ் இருந்த நம்ம பக்கத்துச் சீமை முழுக்க முகலாயரும் மராட்டியரும் மாறி மாறி மிதிக்கிற களமாச்சு. கோவில்காரர்கள் உற்சவ மூர்த்திகளை எடுத்துக்கொண்டு தெற்கே உடையார்பாளையம் போய்விட்டார்கள். பிணம் கொண்டுபோவதுபோல் பாடை கட்டிக் கொண்டுபோனார்கள் என்பது சின்ன காஞ்சிபுரத்தில் இன்றும் சொல்கிற கதை. திரும்பி வந்தது 1710-இல். அத்தான் ஜீயரின் முயற்சியில், ராஜா தோடர்மால் உதவியோடு வந்ததைத் தாயார் சன்னிதிக்கு எதிரே நட்ட கல் சொல்கிறது. கல்லில் இருப்பது சக ஆண்டு 1632. பங்காரு காமாட்சி திரும்பவே இல்லை, இன்னும் தஞ்சாவூரில்தான் இருக்கிறாள்.

அதே 1687-இல், இங்கிருந்து 75 கிலோமீட்டர் தள்ளி, சென்னைப் பட்டணத்தில் ஒரு வைர வியாபாரி இறந்தார். பெயர் ஜாக் தெ பைவா. போர்த்துகீசிய யூதர், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தவர். கோல்கொண்டா சுரங்கப் பக்கம் போய்விட்டுத் திரும்பியவர், சென்னையில் உயிரை விட்டார். பெத்தநாயக்கன்பேட்டையில் யூதர்களுக்கென்று அவரே ஏற்படுத்திய இடுகாட்டில் அவரைப் புதைத்தார்கள். அந்தக் கல் இன்னும் சென்னையில் இருக்கு.

"காஞ்சிபுரத்துக்காரனுக்கு யூதர் ஆராய்ச்சி எதுக்கு?" என்று ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் இந்த இரண்டு கல்லும்தான். ஒரே போர். ஒரு ஊரில் சாமி அகதியாச்சு, அடுத்த ஊரில் ஒரு பெண் விதவையானாள். முதல் செய்தியைக் கோவிலே கல்லில் வெட்டி வைத்தது. இரண்டாவதை யார் எழுதி வைத்தார்கள், எதுக்காக எழுதினார்கள் என்பதுதான் எனக்கு வேண்டிய விஷயம்.

போர்க்கால நகரத்தில் யூதக் குடும்பங்கள் என்றதும் எல்லோருக்கும் வார்சா ஞாபகம் வரும். அங்கே இம்மானுவேல் ரிங்கெல்ப்ளும் என்ற வரலாற்றாசிரியர், சுவர் எழுப்பி அடைக்கப்பட்ட கெட்டோவுக்குள் இருந்தபடியே ஒரு ரகசியக் குழு அமைத்தார். ரேஷன் சீட்டு, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, கடைசிக் கடிதம், சுவரொட்டி என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். தகரப் பெட்டியிலும் பால் கேனிலும் போட்டு மண்ணுக்கடியில் புதைத்தார்கள். ஒரு பகுதி 1946-இல் கிடைத்தது, இன்னொன்று 1950-இல். அந்த ஆவணத்தின் பலமே, சாகப்போகிறவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொண்டது.

சென்னை அப்படி இல்லை. இங்கே யாரும் அவர்களை அழிக்க நினைக்கவில்லை. சொல்லப்போனால் ஆங்கிலக் கம்பெனிக்கு அவர்கள் வேண்டியவர்கள். ஆனால் குடும்பத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் கம்பெனி எழுதியதும், கல்லில் வெட்டியதும்தான்.

முதலில் இவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மத்தியதரைக் கடலில் எடுக்கிற சிவப்புப் பவளம் இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துக்கு வரும். அதைப் பட்டை தீட்டி மணியாக்கி விற்கிற தொழிலில் அங்கே யூதக் குடும்பங்கள் முன்னணியில் இருந்தன. பவளம் லண்டன் போய், கம்பெனிக் கப்பலில் ஏறிச் சென்னைக்கு வரும். விற்ற காசுக்குக் கோல்கொண்டா வைரம் வாங்கி, திரும்புகிற கப்பலில் லண்டனுக்கு அனுப்புவார்கள். துணி, மிளகு எல்லாம் கம்பெனியின் தனியுரிமை. வைரம் மட்டும், கட்டணம் கட்டினால் தனியாரும் செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். சட்டைப் பையில் வைத்துக் கடத்திவிடக்கூடிய சரக்கை எவ்வளவுதான் காவல் காப்பது? அண்ணன் லண்டனில், மைத்துனன் ஆம்ஸ்டர்டாமில், ஒருத்தன் சென்னையில் என்று குடும்பமே மூணு ஊரில் பரவியிருந்தால்தான் இந்த வியாபாரம் நடக்கும். கப்பல் போய்த் திரும்ப ஒன்றரை வருஷம் ஆகும் காலத்தில், நம்பி வைரம் அனுப்ப ரத்த சொந்தம் வேண்டியிருந்தது.

அந்தப் பவளம் எங்கே போச்சு? காஞ்சிபுரத்தில் தெலுங்கு பேசுகிற நெசவாளர் வீடுகளில் தாலிச் சரட்டைப் பாருங்க. கருகமணியோடு பவளமும் கோத்திருக்கும். நவரத்தினத்தில் ஒன்று, செவ்வாய்க்கு உரியது என்று ஜோசியரும் சொல்வார். நம்ம கடலில் அந்தச் சிவப்புப் பவளம் விளையாது. கழுத்தில் கிடப்பது வெளியூர்ச் சரக்கு. மண்ணடிப் பக்கம் இன்றும் இருக்கிற பவளக்காரத் தெருவின் பெயர் அந்த வியாபாரத்தின் மிச்சம். யூத வியாபாரிகள் குடியிருந்த தெரு அது.

இனி அந்த நகரத்தின் அமைப்பு. கோட்டைச் சுவருக்குள் ஐரோப்பியர் இருந்த வெள்ளைப் பட்டணம். வடக்கே ஒட்டினாற்போல், இப்போது உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில், கறுப்புப் பட்டணம். அதற்கு அப்பால் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை. இந்தப் பேட்டைகளுக்குள்ளே இடங்கை, வலங்கைச் சாதிகளுக்கு 1707-இல் பெரிய தகராறு வந்து, தெருவுக்கு எல்லைக் கல் நடுகிற அளவுக்குப் போனது. பெர்லின் மாதிரி ஒரே கோடு இல்லை, கோட்டுக்குள் கோடு. யூதர்கள் எந்தப் பக்கம்? ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், ஆனால் கிறிஸ்தவர் இல்லை. கோட்டையின் சபையில் உட்கார முடியாது. ஆனால் 1688 செப்டம்பர் 29-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது, 12 ஆல்டர்மென்களில் 3 இடம் யூத வியாபாரிகளுக்கு. பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனியின் தலைவர் ஜோசையா சைல்டுக்கு ஊரின் அரணுக்கும் செலவுக்கும் வரி வசூலிக்க வேண்டியிருந்தது. காசுள்ள ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஆளைக் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தால் வரி கொடுக்கச் சம்மதிப்பார்கள் என்பது அவர் கணக்கு. வரதர் உடையார்பாளையத்தில் இருந்த அதே வருஷம் இது.

இப்போ ஆவணத்துக்கு வருவோம். நான் தொழிலில் சாஃப்ட்வேர் ஆள். இருபது வருஷமாக லாக் ஃபைல் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். லாக் எழுதுகிறவன் என்ன கேள்வி வரும் என்று முதலிலேயே முடிவு பண்ணிவிட்டு எழுதுகிறான். அவன் நினைக்காத கேள்விக்கு அதில் நேரடிப் பதில் இருக்காது. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகளும் அப்படித்தான். எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மூலம் இருக்கு. அச்சில் வந்த தொகுதிகள் இணையத்திலும் கிடைக்கின்றன. எந்தக் கப்பல் வந்தது, யார் எவ்வளவு கட்டினார்கள், நவாபுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் நாள்வாரியாக இருக்கும். ஹெச். டி. லவ் 1913-இல் இவற்றைத் தோண்டித் தொகுத்தார். சென்னை யூதர்கள் பற்றித் தமிழில் சுற்றி வருகிற செய்திகளில் பாதி, அவர் புத்தகத்திலிருந்து கைமாறி வந்ததுதான்.

இதில் வீடு எங்கே இருக்கு? பிறப்பு, கல்யாணம், இறப்பு என்ற மூன்றையும் எழுதிய ஒரு புத்தகம் கோட்டைக்குள் இருந்தது, 1680-இல் தொடங்கிய புனித மேரி தேவாலயப் பதிவேடு. அதில் வர ஞானஸ்நானம் வேண்டும். ஆகவே சென்னையில் பிறந்த யூதக் குழந்தை அங்கே கிடையாது. கல்யாணம் என்றால் லண்டன், ஆம்ஸ்டர்டாம் பக்கம் போக வேண்டும். லண்டனில் பெவிஸ் மார்க்ஸ் ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் கெதுபா என்ற திருமண ஒப்பந்தங்களின் சுருக்கத்தைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். அது 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இருக்கு. கல்யாணம் ஒரு ஊரில், வியாபாரம் ஒரு ஊரில், கல்லறை ஒரு ஊரில். மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்தால்தான் ஒரு குடும்பம் கண்ணுக்குத் தெரியும்.

சேர்ப்பதில் ஒரு பெரிய தொல்லை பெயர். போர்த்துகலில் மத விசாரணைக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாக வெளியே கிறிஸ்தவராக வாழ்ந்த குடும்பங்கள் இவை. அதனால் வியாபாரத்துக்கு அந்தோனியோ, தொமிங்கோ என்று ஒரு பெயர், ஜெப ஆலயத்திலும் கல்லறையிலும் எபிரேயப் பெயர். போதாக்குறைக்கு ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதுவார். பைவா, ஜாக், ஜேம்ஸ், ஜெய்மி என்று வேறு வேறு உருவத்தில் வருகிறார். கம்ப்யூட்டரில் பெயர்ப் பொருத்தம் பார்க்கும் புரோகிராமை ஓட்டினால் நாலு ஆள் என்று சொல்லும். ஒரே ஆள்.

தேதி இன்னொரு தொல்லை. கல்லறையில் எபிரேய ஆண்டு இருக்கும், 3760-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு வரும். ஆனால் எபிரேயப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால், அதற்கும் டிசம்பர் முடிவுக்கும் இடையில் இறந்தவருக்கு 3761-ஐக் கழிக்க வேண்டும். ஆங்கிலேயர் 1752 வரை மார்ச் 25-ஐத்தான் வருஷப் பிறப்பாக வைத்திருந்தார்கள். ஆக ஜனவரி 1687 என்று எழுதியிருந்தால் நமக்கு அது 1688. பிரெஞ்சுக்காரர் கணக்கு வேற, 18-ஆம் நூற்றாண்டில் 11 நாள் முன்னால் ஓடும். 1746-இல் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தது ஆங்கிலேயருக்குச் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரருக்கு 21. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழ் வருஷமும் சேர்த்து எழுதுவார், அது அட்சய வருஷம். காஞ்சிக் கல்லுக்கு 78 கூட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் "அதே வருஷம்" என்று யாராவது எழுதினால் நான் நம்புவதில்லை.

சரி, அந்த விதவை. ஜெரோனிமா தெ பைவா. கணவர் இறந்த அதே 1687-இல் சென்னை கவர்னர் ஆனவர் எலிஹு யேல். அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அதே யேல். அவர் மனைவி கேதரின், அவளும் ஜோசஃப் ஹின்மர்ஸ் என்பவரின் விதவை. 1680-இல் புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணமே அவர்களுடையதுதான். கேதரின் 1689-இல் பிள்ளைகளோடு இங்கிலாந்து போய்விட்டாள். ஜெரோனிமா யேலோடு வாழ்ந்தாள், ஒரு மகன் பிறந்தான், பெயர் சார்லஸ். தாயும் மகனும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை.

யேலுக்கும் கேதரினுக்கும் பிறந்து குழந்தையிலேயே இறந்த டேவிட்டுக்குச் சென்னையில் கூம்பு வைத்த பெரிய நினைவுச் சின்னம் இருக்கு. உயர் நீதிமன்ற வளாகத்தில், ஹின்மர்ஸோடு சேர்த்து. தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் அது. வாகன நிறுத்தத்துக்கு இடம் வேண்டும் என்பதால் அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி 2023-இல் ஒரு தீர்ப்பு வந்தது, அதற்குப் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதினார்கள். சார்லஸின் பெயர் வருவது யேலின் எதிரிகள் பேசிய வம்பு வழியாக. ஜெரோனிமாவின் பெயரும் அப்படித்தான். கணவர் இருந்தவரை அவளைப் பற்றி எழுத யாருக்கும் காரணம் இல்லை. அவர் போன பிறகு எழுதக் காரணம் வந்தது, கவர்னரின் நடத்தை. அவளைப் பற்றிப் படிக்கிறவர்கள் "யேலின் காதலி" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வருஷத்தை அவள் பக்கத்திலிருந்து பாருங்க. சுரங்க நாடு முகலாயர் கையில். வியாபாரமே அந்த நாட்டை நம்பி. சொந்த மொழி பேசுகிற வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. யூத முறைப்படி கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும், அந்தப் பத்தில் ஒருத்தர் குறைந்துவிட்டார். லண்டனுக்குப் போக ஒரு கப்பலும் ஆறு மாதக் கடலும் வேண்டும். அவளுக்கு வேறு என்ன வழி திறந்திருந்தது என்பதைக் கேட்காமல் அவளை எடைபோட முடியாது.

எங்க வீட்டுக் கதையும் இதே மாதிரிதான் கிடைக்கும். தாத்தா பெயர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பாஸ் புத்தகத்தில் இருக்கு. எத்தனை பாவு வாங்கினார், எத்தனை சேலை கொடுத்தார், கூலி எவ்வளவு. பாட்டிதான் தார் சுற்றினார், கோர்வைச் சேலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடா போட்டார். பாஸ் புத்தகத்தில் அவர் இல்லை. இரண்டு பேர் இல்லாமல் கோர்வை நெய்ய முடியாது என்று தறி தெரிந்தவனுக்குத்தான் தெரியும். அந்த அறிவோடு படித்தால் "கோர்வைச் சேலை 1" என்ற வரியிலேயே பாட்டி இருக்கிறார். பைவா வீட்டையும் அப்படித்தான் படிக்கணும். ஒரு ஆண் மாதக்கணக்கில் சுரங்கப் பக்கம் போய் வந்தான் என்றால், அதுவரை கடிதம் வாங்கி, சரக்கைப் பூட்டி வைத்து, கணக்கைப் பார்த்துக்கொண்ட ஆள் வீட்டில் ஒருத்தர் இருந்தாகணும்.

1687 ஓய்ந்த பிறகும் போர் நிற்கவில்லை. 1702-இல் தாவூத் கான் மூணு மாசத்துக்கும் மேல் சென்னையை முற்றுகை போட்டார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கையில் ஊர் விழுந்தது, 1749 வரை அவர்களிடம்தான். கறுப்புப் பட்டணத்தின் ஒரு பகுதியை அவர்கள் இடித்தார்கள், மிச்சத்தை ஆங்கிலேயரே பிறகு இடித்து வெறும் மைதானமாக்கினார்கள். பீரங்கிக்கு மறைவு இருக்கக்கூடாதாம். இனி இதைத் தாண்டி வீடு கட்டக்கூடாது என்று 1773-இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கத்தில் இன்னும் நிற்குது. 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை லாலி முற்றுகையிட்டபோது, ஆங்கிலேயரின் பழைய இடுகாட்டுக் கல்லறைகளையே பிரெஞ்சுப் படை மறைவாகப் பயன்படுத்தியது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் அந்த இடுகாட்டைத் தரைமட்டமாக்கி, எழுத்துள்ள கற்களைப் புனித மேரி தேவாலய முற்றத்தில் பதித்தார்கள். யேல் குழந்தையின் கூம்பு தப்பித்தது.

யூத இடுகாடு இவ்வளவு போரிலும் தப்பியது, பெத்தநாயக்கன்பேட்டையில் கொஞ்சம் தள்ளி இருந்ததால். அதைக் கிளப்பியது சமாதான காலம். 1934-இல் கற்கள் முதல் முறை இடம் பெயர்ந்தன. பிறகு காசிமேடு. 1983-இல் லாயிட்ஸ் சாலை, இப்போதைய அவ்வை சண்முகம் சாலை. இடுகாட்டுக்கு எபிரேயத்தில் பேத் ஹய்யிம் என்று பெயர், உயிருள்ளோர் வீடு என்று அர்த்தம். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்கிறோமே, அந்த மாதிரி. 1687-இன் பைவா, 1709-இல் இறந்த ஐசக் சார்தோ அபெந்தானா, 1763-இன் சாலமன் ஃபிராங்கோ ஆகியோரின் கற்கள் இங்கே இருக்கின்றன. மூன்று தேதியையும் வரிசையாக வைத்தால் ஒன்று தெரியும். முதலாமவர் கோல்கொண்டா விழுந்த வருஷம். இரண்டாமவர் தாவூத் கான் முற்றுகையைப் பார்த்தவர்களின் காலம். மூன்றாமவர் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்த் திரும்பி வந்து, லாலியும் தோற்றுப் போன பிறகு. முக்கால் நூற்றாண்டுப் போரின் ஊடே இந்தச் சின்னக் கூட்டம் சென்னையை விட்டுப் போகவில்லை.

அதன்பின் கரைந்தது போரால் அல்ல. பிரேசிலில் வைரம் கிடைத்தது 1720-களில், கோல்கொண்டா சுரங்கங்களும் வற்றின. சரக்கு இல்லாத ஊரில் மைத்துனனுக்கு என்ன வேலை?

எழும்பூருக்குப் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று. யூதர் என்று தேடாதீங்க, அட்டவணையில் அந்தத் தலைப்பு கைகொடுக்காது. பவளம் என்று தேடுங்க, வைரம் என்று தேடுங்க. 1726 சாசனத்துக்குப் பிறகு உயில் சரிபார்க்கும் அதிகாரம் மேயர் நீதிமன்றத்துக்கு வந்ததால், அந்த நீதிமன்றத் தொகுதிகளையும் எடுங்க. உயில் என்றால் சாகப்போகிறவன் யார் யாருக்கு என்ன என்று சொல்லியாக வேண்டும். மனைவி, மகள், வேலைக்காரி, கடன்காரன் எல்லோரும் ஒரே தாளில் வருவது அங்கேதான். போகும்போது எழுத்து மாற்றங்களின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. பைவாவுக்கு மட்டும் என்னிடம் ஏழு இருக்கு.